நூலுக்கு வழக்குரைத்தல்

வழக்குரைத்தல் என்ற அளவில் நம் நினைவுக்கு வருபவை நீதிமன்றமும், மதுரையில் சிலம்பேந்தி நின்ற கண்ணகியுமே. நிலத்தின்பொருட்டும் பொருளின்பொருட்டும் மன்றேறி வாதாடுவோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஒரு நூலின்பொருட்டு, அதனை எழுதியவரும் அல்லாத, அச்சிட்டவரும் அல்லாத, அதனால் ஒரு காசும் ஊதியம் பெறாத ஒருவர் ஊரார் முன்னிலையில் எழுந்து நின்று வாதாடுவதுண்டோ எனின், உண்டு. பரிசுக்கெனப் பரிந்துரைக்கப்பெற்ற நூல்கள் சிலவற்றைப் பொது நூலகம் ஒன்று தன் மேசைமீது பரப்பி வைக்கின்றது. அவ்வூரில் வாழும் ஆசிரியர், கடைக்காரர், மருத்துவர், மாணவர் முதலியோருள் ஒவ்வொருவர் ஒவ்வொரு நூலைத் தம் கட்சியாக ஏற்றுக்கொண்டு, பரிசு பெறத் தக்கது இதுவே என்று அவையோருக்கு எடுத்துரைக்கின்றனர். கேட்டோர் வினவுகின்றனர், மறுக்கின்றனர், முடிவில் வாக்களிக்கின்றனர். இவ்வகைக் கூட்டம் மேல்நாடுகளில் இப்பொழுது பெருவழக்காயிற்று. நம் நாட்டிற்கு இது பொருந்துமோ, பொருந்துமாயின் எவ்வாறு நடத்துதல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதற்கண் பிறநாட்டு வழக்கத்தைச் சிறிது நோக்குவோம். கனடா நாட்டு வானொலி நிறுவனம் 2002-ஆம் ஆண்டு தொடங்கி நடத்திவரும் நிகழ்ச்சியொன்றில், ஐவர் ஐந்து நூல்களுக்காக வாதிடுகின்றனர். நாளுக்கொரு நூல் வாக்கினால் விலக்கப்படும். எஞ்சி நிற்பது அவ்வாண்டு நாடு முழுதும் படிக்கத்தக்க நூலென அறிவிக்கப்படும். முதலாண்டில் வென்ற நூலின் ஆசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி, நம் அயலாகிய கொழும்பிற் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அந்நாட்டின் ஒன்டாரியோ மாகாண நூலகச் சங்கத்தாரோ இதனைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிட்டனர். ஆண்டுதோறும் பத்து நூல்களைப் பரிந்துரைத்துப் பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் வைக்கின்றனர். அவற்றுள் ஐந்தையேனும் படித்து முடித்த பிள்ளைக்கே வாக்குரிமை உண்டு. நம்மவர் பெருந்தொகையினராய் வாழும் டொராண்டோ நகரமும் அம்மாகாணத்தினதே. ஐந்து நூலைப் படித்தாலன்றி வாக்கில்லை என்னும் இவ்விதியை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதனிடமே நாம் திரும்ப வேண்டும்.

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின் நகரில் வேறொரு முறையுண்டு. அந்நகர மன்றத்தார் 1996 முதல் வழங்கிவரும் இலக்கியப் பரிசின் மதிப்பு இன்று ஒரு லட்சம் யூரோ. அதற்கு நூல்களைப் பரிந்துரைப்போர் பதிப்பாளரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். உலகத்தின் பல நகரங்களிலுள்ள பொது நூலகங்களே. மொழிபெயர்ப்பு நூல் வெல்லுமாயின் நான்கில் ஒரு பங்கு மொழிபெயர்த்தவரைச் சேரும். இரவல் கொடுக்கும் மேசைக்கு அப்பால் அமர்ந்து, இன்ன நூலை மக்கள் மீண்டும் மீண்டும் கேட்கின்றனர், இன்னதனைப் பாதியிலே திருப்பித் தருகின்றனர் என்று நாள்தோறும் காண்பவர் நூலகரே யாதலின், அவர் சொல்லுக்கு இத்துணை மதிப்பளித்தல் முறையேயாகும்.

இஃது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமையென்று கருதி நாம் வியக்க வேண்டுவதில்லை. நூலொன்று அவையேறி, தடைகளுக்கு விடை கூறி, அதன் பின்னரே உலகில் உலவ வேண்டும் என்னும் கொள்கை நம்முடையது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிய செய்தியை அதன் பாயிரம் கூறும். அவ்வாசான் குற்றம் கண்டு வினவ வினவ ஆசிரியர் விடையிறுத்த கதையை நச்சினார்க்கினியர் விரித்துரைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் தலபுராணங்கள் கோயில் மண்டபங்களில் பல நாள் தொடர்ந்து அரங்கேறியமையை அவர்தம் மாணாக்கர் சாமிநாதையர் நமக்கு எழுதிவைத்துள்ளார். அச்சுப்பொறி வந்தபின் அவை மறைந்தது. கடையில் விலைக்கு வரும் நூலுக்கு எவர் தடை கூறுவர், எவர் விடை பகர்வர்? அவ்விடத்தைப் பத்திரிகை மதிப்புரையும் பரிசும் பிடித்துக்கொண்டன. மதிப்புரை ஒருவர் குரல். பரிசு மூவர் தீர்ப்பு. ஊரவை இல்லாமலே போயிற்று. எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. பழைய அரங்கேற்றத்தில் அமர்ந்தோர் அரசரும் புலவரும் செல்வரும். நூலகத்துக் கூட்டத்தில் அமர்வோர் எழுத்தறிந்த எவரும். ஆசிரியர் தம் நூலுக்குத் தாமே விடை கூறுதல் பழைய முறை; வாசகர் ஒருவர் அவருக்காக நின்று விடை கூறுதல் புதிய முறை. பின்னது நூலாசிரியர் வெட்கத்தையும் காக்கும், அவர் செருக்கையும் அடக்கும்!

இனி, நூலகத்திற்கு இவ்வேலை எதற்கு, நூலை அடுக்கி வைத்துக் கேட்டவர்க்குக் கொடுத்தல் போதாதோ என்று வினவுவாருண்டு. அவர்க்கு விடை கூறியவர் நம் நாட்டவரே. சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்த அரங்கநாதன் அவர்கள், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் வெளியிட்டார். நூல் பயன்படுதற்கே உரியது என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது விதி இவ்விரண்டினும் நுட்பமானது. நூல் ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பதாம். இரண்டாம் விதியில் வாசகர் நூலைத் தேடி வருகின்றார். மூன்றாம் விதியில் நூல் வாசகரைத் தேடுகின்றது. நூலுக்குக் காலில்லை, வாயுமில்லை. ஆகவே அதன் சார்பில் எவரேனும் நடக்கவும் பேசவும் வேண்டும். அலமாரிகளின் பூட்டைத் திறந்து வாசகரை உள்ளே உலவவிடுதல் வேண்டுமென அரங்கநாதன் அவர்கள் வற்புறுத்தியது இம்மூன்றாம் விதியின்பாற்பட்டதே. அவ்வாண்டிலேயே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற நடமாடும் நூலகம் தொடங்கிற்று. நூலுக்குக் கால் வந்த கதை அது. வாய் வருவது வழக்குரைப்போரால்.

நிற்க. நம் கருத்தை ஓர் ஊரில் வைத்துப் பார்த்தாலன்றி அது வெறும் உபதேசமாய் முடியும். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், பட்டாபிராமிற்கும் திருநின்றவூருக்கும் இடையே நெமிலிச்சேரி என்னும் சிறு நிலையம் உள்ளது. வண்டலூரினின்று மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி முடிந்ததும், இரண்டாம் பகுதி தொடங்கியதும் இவ்விடத்தேதான். சாலை வந்தபின் வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. காலையில் ஆவடி, அம்பத்தூர்த் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் சென்று மாலையில் திரும்புவோரே இங்கு மிகுதி. இவர்கள் ஏறி இறங்கும் புறநகர் வண்டிகள் சென்னையில் நிற்குமிடம் மூர் மார்க்கெட் வளாகம் எனப்படும். 1900-இல் திறக்கப்பெற்று 1985-இல் தீக்கிரையான பழைய மூர் மார்க்கெட் நின்ற நிலம் அது. பழைய நூல்களை மலைபோற் குவித்து வைத்து, காசு கொடுக்குமுன் எத்துணை நேரமாயினும் புரட்டிப் பார்க்கவிட்ட கடைகள் அங்கிருந்தன. நம் கல்லூரிகளின் பழைய மாணவர் பலருக்கு அதுவே இரண்டாம் நூலகம். இன்று அந்நிலத்தில் வண்டிக்குக் காத்து நிற்போர் கையில் நூலைக் காண்பது அரிது.

நெமிலிச்சேரியில் வீடுடையார் ஒவ்வொருவரும், தம் வீட்டு வரியோடு நூலக வரியையும் செலுத்துகின்றனர் என்பதைப் பலர் அறியார். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதற்கு அடிப்படை. கல்வி அமைச்சராயிருந்த அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில் நிறைவேறிய அச்சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறைக்கு முதலாவது; அரங்கநாதன் அவர்களின் நெடுங்கால முயற்சியின் பயன். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்து, உள்ளாட்சிகள் தண்டும் வரியின் ஒரு பகுதியை அதற்கு உரிமையாக்கி, மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எனப் படிப்படியாய் நாடெங்கும் நூல்நிலையங்கள் பெருகும்படி செய்தது அது. இதிலிருந்து நாம் பெறும் துணிபு யாது? கிளை நூலகத்து அலமாரியிலுள்ள நூல் அரசினர் அருளிய தானமன்று. வீட்டு வரி கட்டிய ஒவ்வொருவர் பணத்தாலும் வந்தது. தம் பணத்தால் வாங்கிய நூலைப்பற்றி வாய்திறந்து பேச வரி கட்டினவர்க்கு உரிமையுண்டு. எந்நூல் மேலும் இருபடி வரவேண்டும், எந்நூல் வீணே இடத்தை அடைத்துக் கிடக்கின்றது என்று சொல்லவும் உரிமையுண்டு. நூலகங்களைச் சார்ந்து வாசகர் வட்டம் என்னும் அமைப்பு நம் நாட்டிற் பல இடங்களில் ஏற்பட்டிருப்பது இவ்வுரிமைக்கு வாயிலாகும். ஆயினும் வாசகர் வட்டக் கூட்டங்களிற் பல, சிறப்புப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவர் உரையைக் கேட்டுக் கலைவதோடு நின்றுவிடுகின்றன. வட்டம் என்பது பெயரளவே. உண்மையில் அது மேடையும் வரிசை நாற்காலிகளும்.

பரிசுக்குரிய நூல்களையே எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது ஏன்? நல்ல நூல் எதுவாயினும் ஆகாதோ? ஆகும். எனினும் பரிசுப் பட்டியல் ஒன்று இருப்பின் மூன்று அல்லது நான்கு நூல்கள் ஒரே காலத்தில் எல்லார் நினைவிலும் நிற்கும். போட்டி என்னும் சுவையும் சேரும். அன்றியும், பரிசென்பது பிழையாத தராசன்று என்பதையும் வாசகர் தம் கையாலேயே நிறுத்துப் பார்த்து அறிவர். சாகித்திய அகாதெமியின் வரலாற்றையே நோக்குக. 1954-இல் நிறுவப்பெற்று, 1955 முதல் பரிசளித்து வருவது அது. தமிழில் முதற்பரிசு இரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் 'தமிழின்பம்' என்னும் கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. இன்று இருபத்துநான்கு மொழிகளுக்கு, மொழிக்கு ஒரு லட்சம் ரூபாயாக அளிக்கப்படுகின்றது. 1964-இலும் 1976-இலும் தமிழில் எந்நூலுக்கும் பரிசில்லை. சி. சு. செல்லப்பா 'சுதந்திர தாகம்' எழுதினார், 1998-இல் மறைந்தார், பரிசு 2001-இல் வந்தது. ஆதவன் 1987-இல் சிருங்கேரியில் நீரில் மூழ்கி இறந்த பின்னரே அவருக்குப் பரிசு. தி. ஜானகிராமனுக்கு 1979-இல் கிடைத்த பரிசு 'சக்தி வைத்தியம்' என்னும் சிறுகதைத் தொகுதிக்கு, 'மோகமுள்'ளுக்கு அன்று. சுந்தர ராமசாமிக்கோ கிடைக்கவேயில்லை. நடுவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆண்டுக்கு ஒரு நூலை ஒரு மொழிக்குத் தேர்தல் என்பது கடற்கரையில் ஒரு சங்கைப் பொறுக்குதல் போன்றது; விடப்பட்ட சங்குகளும் சங்குகளே. அவற்றைப் பொறுக்கிவைக்கும் இடம் நூலகமன்றி வேறெது? வென்ற நூலைக் கடைக்காரர் தாமே விற்பர். வழக்குரைப்பார் வேண்டுவது வெல்லாத நூலுக்குத்தான்.

திருநின்றவூரின் பழங்கதை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையமாகிய அவ்வூரில் வாழ்ந்த பூசலார், பொருளில்லாமையால் தம் மனத்துள்ளே கோயிலெடுத்தார் என்றும், காஞ்சியில் மன்னன் கல்லால் எடுத்த கோயிலின் குடமுழுக்கும் அவர் மனக்கோயிலின் குடமுழுக்கும் ஒரே நாளில் நேர, இறைவன் மன்னனை வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்றும் பெரியபுராணம் கூறும். மன்னன் அவ்வூருக்கு நேரில் வந்து தேடினாலன்றி அக்கோயிலை எவரும் அறிந்திரார். அறியப்படாத ஒன்றின் மேன்மையைச் சொல்ல ஒருவர் வேண்டும். அக்கதையில் அவ்வேலையைச் செய்தவர் இறைவரே. அச்சிட்ட நூல்களுக்கு அத்துணை பெரிய வழக்குரைஞர் வாய்ப்பது அருமை. ஆகையால் நாம் எளியோரைக் கொண்டே தொடங்குவோம்.

எவ்வாறு வாதிடுவது என்பதனை இரு நூல்கள்கொண்டு விளக்குவோம். முதலாவது, சோ. தர்மனின் 'சூல்'. 2016-இல் வெளிவந்து 2019-க்குரிய அகாதெமி பரிசு பெற்ற நாவல் இது. தென்பாண்டிச் சீமையில் உருளைக்குடி என்னும் ஊரின் கண்மாயே இதன் தலைமைப் பாத்திரம் என்று கூறலாம். நீர் நிறைந்த கண்மாயைச் சூலுற்ற தாயாகக் காணும் பார்வை பெயரிலேயே உண்டு. கண்மாயைக் காத்தவர் யார், மடையைத் திறந்தவர் யார், பிற்காலத்தே அது கேட்பாரற்றுப் போனது எங்ஙனம் என்பன இதன் பொருள். இதற்கு நெமிலிச்சேரியில் வழக்குரைக்க எழுபவர், "இது சிறந்த நூல், நடை அழகியது, அனைவரும் படிக்க" என்று கூறி அமர்வாராயின் வழக்குத் தோற்றதே. அவர் கூற வேண்டுவது வேறு. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியும், திருநின்றவூர் ஏரியும், அம்பத்தூர் ஏரியும் இப்பகுதியார் கண்முன் உள்ளவை. மாரிக்காலத்தில் ஏரிநீர் தெருவுக்குள் புகுவதும், கோடையில் தண்ணீர் வண்டிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்பதும் இவர்கள் அறிந்தவை. கண்மாய் என்னும் சொல் தெற்கத்தியது, ஏரி என்பது நம்முடையது, இரண்டும் ஒன்றே. ஊரார் தம் ஏரியைத் தாமே காத்த முறையும், அம்முறை அற்றுப்போன முறையும் இந்நாவலில் உள்ளன. தம் வாயிற்படியில் நீர் வந்து நிற்பதன் காரணத்தை அறிய விரும்புவோர் இதனைப் படித்தல் வேண்டும் என்று அவர் வாதிடுவாராயின், அவையில் ஒருவரும் தூங்கார். தில்லியில் அமர்ந்த நடுவர் மூவர் இந்நூலை இலக்கியமென்று ஏற்றனர். நெமிலிச்சேரியார் இதனைச் சாட்சியமென்று ஏற்பர். இவ்விரண்டும் வேறு, பின்னதை உள்ளூர் நூலகமே செய்ய வல்லது.

மறுப்பும் எழ வேண்டும். கதையோட்டத்தைக் காட்டிலும் செய்தி மிகுந்துள்ளதே, பாத்திரங்கள் வந்து வந்து மறைகின்றனரே என்று ஒருவர் வினவலாம். வழக்குரைப்பவர் இதனை மறுத்துச் சினத்தல் ஆகாது. கண்மாயே தலைவியாயின் மாந்தர் வந்துபோவது இயல்பன்றோ என்று விடை கூறலாம், அன்றி, ஆம், அது குறையே, குறையோடும் இது வேண்டத்தக்கது என்றும் கூறலாம். பின்னதே மிக வலிய விடை என்பது எம் கருத்து.

இரண்டாவது நூல், பரிசு பெறாதது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' அனிருத்தன் வாசுதேவனால் ஆங்கிலமாகி, 2023-இல் லண்டனில் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற பதின்மூன்று நூல்களுள் ஒன்றாயிற்று. தமிழ் நூலொன்று அப்பட்டியலில் ஏறியது அதுவே முதன்முறை. அவ்வாண்டு வென்றது பல்கேரிய மொழி நாவல் ஒன்று. இரண்டாண்டு கழித்து, 2025-இல், நம் அண்டைமொழியாகிய கன்னடத்துக்குப் பானு முஷ்தாக்கின் சிறுகதைகளால் அப்பரிசு கிடைத்தது. தீபா பஸ்தி மொழிபெயர்த்தவர். பரிசுத்தொகையாகிய ஐம்பதினாயிரம் பவுனை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்வது அங்குள்ள முறை.

'பூக்குழி'யின் கதை நீளமன்று. சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன், நகரத்துப் பெண் சரோஜாவை மணந்து தன் சிற்றூருக்கு அழைத்து வருகின்றான். அவள் என்ன சாதி என்னும் வினா முதல் நாளே எழுகின்றது. கடைசிப் பக்கம் வரை ஓய்வதில்லை. ஆங்கிலத்தில் இந்நூலுக்கு இட்ட பெயர் பிணச்சிதையைக் குறிப்பது. தமிழ்ப் பெயரோ அதுவன்று. நேர்த்திக்கடனுக்காகத் தெய்வத்தின் முன் மிதிக்கும் நெருப்புக் குண்டத்தைப் பூவென்று சொல்லுதல் நம் மக்கள் வழக்கு. நம் பக்கத்தில் தீமிதி என்பர், வேறு பக்கங்களிற் பூமிதி என்பர். அன்புடையாளொருத்தியை எரிக்கத் துணிந்த ஊர், அதனைத் தெய்வகாரியம் என்றே நினைத்துக்கொள்ளும் கொடுமை அச்சொல்லில் ஒளிந்துள்ளது. லண்டன் நடுவர் எத்துணை நுண்ணறிவினராயினும், இதனைக் காண அவர்க்கு வழியில்லை. ஆடி மாதத்தில் தம் தெருவிலேயே தீமிதி காணும் நெமிலிச்சேரி வாசகர் ஒருவர் இதனை எடுத்துரைத்தால், நெடும்பட்டியலோடு நின்ற நூல் தன் ஊரில் நிமிர்ந்து நிற்கும். மாறாக மற்றொருவர், குமரேசனின் தாய் மாராயியின் வாயில் வசையன்றி வேறில்லையே, சிற்றூரை முழுக் கருமையாகத் தீட்டுதல் நீதியோ என்று தடை கூறலாம். இளமையிலேயே கைம்பெண்ணாகித் தனியே மகனை வளர்த்தவள், ஊர் தன்னை விலக்கிவிடுமோ என்னும் அச்சத்தாற் பேசுகின்றாள் என்பது விடை. அவ்விடை போதுமோ போதாதோ என்பதை அவை தீர்மானிக்கட்டும்.

இவ்வாசிரியரின் வேறொரு நூலுக்கு நேர்ந்ததை நினைத்தால், இத்தகைய அவை இன்மையால் நாம் கொடுத்த விலை விளங்கும். 2010-இல் வெளிவந்த 'மாதொருபாகன்' நான்காண்டு அமைதியாகவே உலவியது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்து, படிகள் எரிக்கப்பட்டன. 2015 சனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியரே அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நூலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வழிசெய்தது. அந்நூல் ஆங்கில வடிவில் 2018-இல் அமெரிக்க தேசிய நூற்பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது பின்கதை. நூலின்பால் மனம் நொந்தவர் நோதற்கு உரிமையுடையரே. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் நொந்தவரும் நயந்தவரும் ஒரே மேசையின் இருபுறமும் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, இப்பக்கம் இவ்வாறு கூறுகின்றது, இதன் முன்பக்கம் இவ்வாறு கூறுகின்றது என்று வாதிட ஓர் இடம் இருந்ததோ? தெருவும் நீதிமன்றமுமே இருந்தன. இடையில் ஒரு படி இல்லை. நூலகம் அப்படியாக அமையுமாயின் எல்லாப் பூசலும் தீர்ந்துவிடும் என்று கூறும் அளவுக்கு நாம் பேதையரல்லேம்; படித்தவர் எவர், படியாதவர் எவர் என்பதாவது வெளிப்படும்.

ஆகவே ஒன்டாரியோச் சிறுவர்களின் விதியை நாம் முதல் விதியாகக் கொள்ளுதல் தகும். நான்கு நூல்கள் வழக்கில் நிற்குமாயின், இரண்டையேனும் முழுதும் படித்தவர்க்கே வாக்கு. இரவற் பதிவேடு நூலகரிடம் இருத்தலின் பொய் கூறுதல் எளிதன்று. பொய் கூறுவார் சிலர் இருப்பினும், அப்பொய்யின்பொருட்டாவது நூல் அவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கும்.

காலம் நவம்பர் மாதமே ஏற்றது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்பெறுகின்றது. அகாதெமியின் பரிசறிவிப்போ பெரும்பாலும் டிசம்பரில் வரும். தீர்ப்புக்கு முன் வாதம் நிகழ்வதே முறையன்றோ? அகாதெமியின் விதிப்படி பரிசாண்டுக்கு முந்திய ஓராண்டை நீக்கி, அதற்கு முன் ஐந்தாண்டுகளில் முதற்பதிப்பாய் வந்த நூல்களே கருதத்தக்கவை. இவ்வெல்லையைக் கொண்டு வாசகர் வட்டத்தார் ஆகஸ்டு மாதத்திலேயே தம் பட்டியலைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். புதினம் ஒன்று, சிறுகதைத் தொகுதி ஒன்று, கவிதை ஒன்று, ஆராய்ச்சி நூல் ஒன்று என நான்கு போதும். 2024-இல் பரிசு பெற்றது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் வரலாற்று நூலாதலின், கதையல்லாதனவற்றை ஒதுக்கல் ஆகாது. நூலுக்கு ஐந்து படியேனும் வேண்டும். கிளை நூலகத்தில் அத்தனை படி கிடைப்பது அரிது. மாவட்ட மைய நூலகத்தினின்று இரவல் பெறலாம், அதுவும் இயலாவிடில், வட்டத்து உறுப்பினர் நால்வர் பணம் கூட்டி வாங்கி, முடிவில் நூலகத்துக்கே அளித்துவிடலாம்.

வழக்குரைப்போரைத் தேர்தலிலே நாம் சற்று விழிப்பாயிருத்தல் நலம். பேச்சிற் பழகியவரையே நாடுவது நம் வழக்கம். அவ்வாறு செய்தால் பேச்சு வெல்லும், நூல் தோற்கும். தொழிற்சாலையினின்று திரும்பும் தொழிலாளி, அங்கன்வாடி ஆசிரியை, பணி ஓய்வு பெற்ற இரயில்வே ஊழியர், இவருள் எவர்க்கு எந்நூல் உறைத்ததோ அவரே அதற்கு உரியவர். பத்து நிமிடம் பேசட்டும். அதில் இரண்டு நிமிடமாவது நூலிலிருந்தே உரக்கப் படிக்கட்டும். எதிர்வாதம் பத்து நிமிடம். ஆசிரியரை அழைத்தல் வேண்டா. அவர் முன்னிலையில் நம்மவர் குறை கூறார், முகமனே கூறுவர். பொன்னாடையும் வேண்டா, அதன் விலைக்கு இன்னும் ஒரு படி வாங்கலாம்.

நம் கல்லூரி மாணவருள் அவ்விருப்புப் பாதையில் நாள்தோறும் வந்துபோகின்றவர் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நூல் படிக்க நேரமில்லை என்பார்க்கு ஆவடியைக் கடந்து நெமிலிச்சேரி வரை செல்லும் வண்டியே படிப்பறையாதல் கூடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அவ்வூரார் சிலரேனும் பட்டியல் நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயணஞ் செய்தால், எதிரே அமர்ந்தவர் அட்டையைப் பார்ப்பர், பார்த்தவர் கேட்பர். வழக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

வாக்கெடுப்பு முடிந்தபின் நூலகர் இரு குறிப்புகள் எழுத வேண்டும். எந்நூல் எத்தனை வாக்குப் பெற்றது என்பது ஒன்று. அவ்வாரத்துக்கு முன்னும் பின்னும் எந்நூல் எத்தனைமுறை இரவல் சென்றது என்பது மற்றொன்று. இரண்டாவதே மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகத்தக்கது. படிகள் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு அதனினும் சிறந்த சான்று இல்லை. தோற்ற நூல்களை அன்று மாலையே அலமாரிக்குத் திருப்பி அனுப்பாமல், ஒரு வாரமேனும் மேசைமேலேயே விட்டுவைக்க வேண்டும். வாதத்தைக் கேட்டுவிட்டு, வாக்களிக்காமல் எழுந்து போனவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டு வருவர்.